மயக்கும் நேர்முகம்

அமெரிக்காவில் மயக்கவியல் பயிற்சி இடத்துக்கு ஆள் எடுக்கும் முறையைக் குறை சொல்ல நாக்கு எழாது. 2020க்குப் பிறகு நேர்முகம் பெரும்பாலும் ஜூமில்தான். மேலே கோட்டு, டை, கீழே பைஜாமா.

"ஏன் மயக்கவியல்?"

சம்பளம், நேரம் என்று உளறிவிடக் கூடாது. உடலியங்கியலும் மருந்தியலும் கைகோக்கும் அழகைச் சொல்லிக் கண் கலங்க வேண்டும். கண்ணாடி முன்னால் கலங்கிப் பழகுவது உத்தமம்.

"உங்கள் பலவீனம்?"

"அளவுக்கு மீறிய அக்கறை." அன்று காலை வந்த பதினோரு பேருக்கும் இதே பலவீனம். தொற்றுபோல.

1846இல் பாஸ்டனில் ஈதரால் மயக்கம் கொடுத்துக் காட்டிய மார்ட்டனை யாரும் இப்படிக் குடையவில்லை. மனிதர் பல் வைத்தியர். அன்றைக்குத் தாமதமாக வேறு வந்தார். இன்றென்றால் முதல் சுற்றிலேயே கழித்திருப்பார்கள். அறிவியலுக்கு நல்ல காலம், முந்திக்கொண்டார்.

ஜூமுக்குத் திரும்புவோம். நேர்முகத்துக்கு வந்த நம் மாணவர் மனப்பாடம் செய்த பதிலை ஏற்ற இறக்கமில்லாமல் ஒப்பிக்கிறார். மூன்றாம் நிமிடம் பேராசிரியரின் இமை சரிகிறது. நான்காம் நிமிடம் தலை. ஒரு சொட்டு மருந்து இல்லை, ஊசி இல்லை. மாணவர் பதறவில்லை. பேச்சை நிறுத்தாமல், திரையில் பேராசிரியரின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறார்.