லாலிக்கின் இனிஷியல்: ஓர் அடிப்பகுதி ஆய்வு

எதைக் கண்டாலும் முகத்தைப் பார்ப்பது உலக வழக்கு. பழைய பிரெஞ்சுக் கண்ணாடி சேகரிக்கும் குலத்தில் மட்டும் அந்த வழக்கு இல்லை. ஜாடியைக் கையில் கொடுத்தால் கவிழ்த்து அடியைத்தான் பார்ப்பார்கள். ரெனே லாலிக் 1927-இல் படைத்த ‘பாக்கான்த்’ பூச்சாடியில் நிர்வாண நங்கையர் தோளோடு தோள் உரசிச் சுற்றிச் சுற்றி ஆடுகிறார்கள். பாவம், அவர்களை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை.

அடியில் இருப்பது ஓர் இனிஷியல்: ‘ஆர். லாலிக்’. ரெனே 1945-இல் காலமானார். போரில் முடங்கிய அல்சாஸ் ஆலையை மகன் மார்க் மீண்டும் ஓட்டினார். கையொப்பத்தில் ‘ஆர்’ போய்விட்டது. நம் ஊரில் அப்பாவின் இனிஷியல் பிள்ளைக்கு வந்து சேரும். அங்கே அப்பாவோடு அதுவும் போயிற்று. இலக்கணத்தார் இதை முதற்குறை என்பர். தாமரை ‘மரை’ ஆனாலும் பொருள் மாறாது. ‘ஆர்’ குறைந்தால் விலை மாறும்.

இதில் ஒரு வேடிக்கை. ஈயம் நிறையச் சேர்த்த கிரிஸ்டலுக்கு ஆலையை மாற்றியவர் மகன்தான். அப்பா வார்த்தது ஈயம் குறைந்த ‘அரைக் கிரிஸ்டல்’. 24 சதவீத ஈய ஆக்சைடு இருந்தால்தான் ‘ஈயக் கிரிஸ்டல்’ என்கிறது ஐரோப்பியச் சட்டம். ஆக, கிரிஸ்டல் சேகரிப்பதாக மார்தட்டுகிறவர் சொத்தை எழுதிவைப்பது அந்தச் சட்டத்தில் தேறாத கண்ணாடிக்கு!

போலிக்காரருக்கும் இலக்கணம் தெரியும். பிந்தைய ஜாடியை வாங்கிப் பெயருக்கு முன்னால் ஓர் ‘ஆர்’ கீறிவிடுவார். இது தோன்றல் விகாரம். பூதக்கண்ணாடியை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தால் குட்டு வெளிப்படும்: மற்ற எழுத்துகள் தேய்ந்து மழுங்கியிருக்க, இது மட்டும் கூர் மழுங்காமல் வெள்ளை வெளேரென்று, பேருந்தில் மூன்றாவது ஆளாக ஒண்டியவர்போல் இடுக்கில் நெருங்கி நிற்கும்.

பிற்கால ஜாடிகளில் பெயரருகே வட்டத்துக்குள் ஓர் ‘ஆர்’ உண்டு. அது வணிகமுத்திரைப் பதிவுக் குறி. அதையே ரெனேயின் ‘ஆர்’ என்று நம்பி, பேரம்கூடப் பேசாமல் பணத்தை எண்ணிவைத்தவர்கள் உண்டு. ஆய்வு அறம் கருதி அவர்கள் பெயரை வெளியிடவில்லை. அவர்களுள் ஒருவரின் இனிஷியலும் இக்கட்டுரையாளரின் இனிஷியலும் ஒன்றே என்பதை மட்டும் பதிவு செய்கிறோம்.