தூக்கத் தெரிந்தவன் பாடு

கோவில்பட்டியில் கடலை மிட்டாய் பிடிக்காத ஆள்கூட இருப்பார். ஹாக்கி மட்டையை ஒருதடவையாவது கையில் பிடிக்காத ஆம்பிளையைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு வடக்கேயிருந்து அணிகள் வந்து இறங்குகிற நாட்களில், பெனால்டி கார்னர் பற்றிச் சொந்தமாக ஒரு கருத்து இல்லாதவனுக்கு டீக்கடை பெஞ்சில் இடம் கிடைக்காது. 2022-ல் எங்கள் ஊர் மாரீஸ்வரன் இந்திய அணிக்குத் தேர்வானபோது, சின்ன வயசில் அவரோடு ஆடியதாகச் சொல்லிக்கொண்டவர்களை வைத்துத் தனியாக ஒரு லீக்கே நடத்தியிருக்கலாம்.

நான் ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரன். எங்கள் கூட்டத்தில் ஒரு மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார், ஒரு ஸ்டாம்ப் வெண்டர், வங்கியில் கணக்கெழுதும் நான், இன்னும் இதே ரகத்தில் சிலர். எல்லாருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. எதிரணியும் நாங்களே. வந்த ஆட்களை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். செயற்கைப் புல்தரை முறையாகப் பயிற்சி எடுக்கிற பிள்ளைகளுக்கு. எங்களுக்குக் கரிசல் மண். பந்து எந்தக் கட்டியில் பட்டு எந்தப் பக்கம் துள்ளும் என்பது கடைசி நொடிவரை யாருக்கும் தெரியாது. அதனால் நன்றாகக் குனிந்தே ஆடுவோம்.

ஹாக்கி ஆட்டமே குனிந்து ஓடுவதுதான். மட்டையின் நீளம் 105 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. தட்டையான பக்கத்தால் மட்டுமே பந்தை ஆடலாம் என்பது இன்னொரு விதி. அந்தத் தட்டை எல்லா மட்டைக்கும் ஒரே பக்கம்தான். இடதுகைக்காரனுக்கென்று தனி மட்டை கிடையாது. ஆகவே உலகத்தில் ஹாக்கி ஆடுகிற அத்தனை பேரும் வலது கையைக் கீழே இறக்கி, இடுப்பை ஒரே வாக்கில் திருகிக்கொண்டு, பாதி மடங்கியபடி ஓடுகிறார்கள். இந்தக் கோலத்தில் வருஷக்கணக்காக ஓடிய எனக்கு, ஒருநாள் முதுகெலும்பில் எல்4–எல்5 ஜவ்வுத் தட்டு பிதுங்கியது.

பிதுங்கியது முதுகில், வலித்தது காலில். பிட்டத்தில் கிளம்பி, கெண்டைக்கால் வழியாகக் கால் பெருவிரலில் போய் முடிகிற வலி. 1934 வரை இந்தக் கால்வலிக்கும் முதுகுத் தட்டுக்கும் உள்ள உறவை மருத்துவ உலகம் சரியாகப் பிடிக்கவில்லை. அந்த வருஷம் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு டாக்டர்கள், பிதுங்கிய தட்டு நரம்பை நசுக்குவதுதான் காரணம் என்று எழுதி, அறுத்துச் சரிசெய்தும் காட்டினார்கள். எனக்கு விளக்கிய டாக்டர் இவ்வளவு தூரம் போகவில்லை. "சுசியத்த ஒரு பக்கமா அமுக்குனா இன்னொரு பக்கம் பூரணம் வெளிய வருமில்ல, அதான்" என்றார். அதற்குப்பிறகு எனக்குச் சுசியம் இறங்குவதில்லை.

காரணம் எது என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. என் மனைவி ஹாக்கி என்றாள். நான் நாற்காலி என்றேன். என் பக்கம் ஆதாரம் இருந்தது. 1960-களில் ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாக்கெம்சன் என்ற டாக்டர், உயிரோடிருக்கிற மனிதர்களின் முதுகுத் தட்டுக்குள்ளேயே ஊசியை விட்டு அழுத்தத்தை அளந்து பார்த்தார். நிற்பதைவிட, உட்கார்ந்து முன்னால் சாய்வதில்தான் அழுத்தம் கூடுதல். என் பிழைப்பே உட்கார்ந்து முன்னால் சாய்வதுதான். இதை எடுத்துச் சொன்னேன். "நாற்காலி மாசம் சம்பளம் தருதுல்ல. ஹாக்கி என்ன தருது?" என்றாள். நாக்கெம்சனிடம் இதற்கு ஊசி கிடையாது.

காரணம் எதுவானாலும் முடிவு கத்திதான். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சின்னத் தழும்பு. கால்வலி போன இடம் தெரியவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மூன்று கட்டளைகள் இட்டார். முதல் ஆறு வாரம் குனியக்கூடாது, தூக்கக்கூடாது, இடுப்பைத் திருகக்கூடாது. ஹாக்கி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் சொல்லக்கூடிய விளக்கமும் இந்த மூன்றுதான்.

ஆனால் அந்த ஆறு வாரம் நான் வாழ்ந்த வாழ்க்கை இருக்கிறதே, ஜமீன்தார் தோற்றார். டாக்டர் சொன்னது மூன்று. அதிலிருந்து நான் கிளைவிட்டது எத்தனையோ. இரவு படுத்திருக்கும்போது முதுகுத் தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பிவிடுகின்றன, காலையில் எல்லாருமே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாகத்தான் எழுந்திருக்கிறோம், ஆகவே விடிந்த முதல் ஒரு மணி நேரம் குனிவது ஆபத்து. இது நிஜமான விஞ்ஞானம். வாசலில் கிடக்கும் பால் பாக்கெட்டும் பேப்பரும் இதன்படி என் அதிகாரத்திலிருந்து விலகின. தும்மினால் தட்டுக்கு அழுத்தம் கூடும் என்பதும் உண்மை. வரமிளகாய் தாளிப்பு நின்றது. பாத்திரம் எடுத்து வைப்பது குனிவதில் வரும். அரிசி மூட்டை தூக்குவதில் வரும். மாமியார் வந்தால் திரும்பிப் பார்ப்பது திருகுவதில் வரும்.

அந்த ஆகஸ்ட்டில்தான் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தது. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்துக்குப் போயே தீருவது என்று மருந்துக்கடைக்காரர் போட்டிருந்த திட்டத்தில் என் பெயரும் இருந்தது. கட்டிலில் படுத்தபடி டி.வி.யில் பார்த்தேன். கோவில்பட்டியில் ஆடிப் பழகிய கார்த்தி இந்திய அணியில் இருந்ததால், ஊருக்கே அது வீட்டு விசேஷம். இறுதிப் போட்டியில் மலேசியா இடைவேளையில் 3–1 என்று முன்னால் நின்றது. இந்தியா 4–3 என்று ஜெயித்தது. நாலாவது கோலுக்குத் தெருவே குதித்தது. நான் கழுத்துக்கு மேலே மட்டும் குதித்தேன்.

ஆறு வாரம் கழிந்ததும் பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார்கள். நாகர்கோவில் பெண், என் மகள் வயசு. என்னைப் பார்த்து அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, "சார், திரும்ப என்ன செய்ய ஆசப்படுறீங்க?" நடக்க, உட்கார என்று சொல்லுவேன் என எதிர்பார்த்திருக்கலாம். ஹாக்கி என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எந்த லெவல்ல?" என்றது. தோற்கிற லெவலில் என்றேன். "அதுக்கும் முதுகு வேணும் சார்" என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தது.

என் சுகவாழ்வுக்கு அந்தப் பெண் எழுதிய ஏடுதான் முடிவுரை. அது எனக்கு அப்போது தெரியாது.

தொடக்கம் சாதுவாகத்தான் இருந்தது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் என்ற பேராசிரியர் முதுகெலும்பையே ஆராய்ந்து மூன்று பயிற்சிகளை முன்வைத்திருக்கிறார். மல்லாந்து படுத்து, இடுப்பு வளையாமல் தலையையும் தோளையும் மட்டும் லேசாக உயர்த்துவது ஒன்று. ஒருக்களித்து முழங்கையில் ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது ஒன்று. நாலு காலில் நின்று எதிரெதிர் கையையும் காலையும் நீட்டுவது ஒன்று. மூன்றிலுமே முதுகெலும்பு அசையக்கூடாது, சுற்றியிருக்கும் தசைகள்தான் வேலை செய்ய வேண்டும். கேட்பதற்கு ஒன்றுமில்லை. பத்து வினாடி நிற்பதற்குள் எனக்கு நெற்றி வியர்த்தது. நான் நாலு காலில் நிற்பதைப் பார்த்துவிட்டு பக்கத்து வீட்டுக் குட்டிப்பயல் ஓடிவந்து முதுகில் ஏறிவிட்டான். இதற்கு மெக்கிலிடம் மாற்றுப் பயிற்சி இல்லை. அடுத்து, மல்லாந்து படுத்து நாலு கைகாலையும் அந்தரத்தில் தூக்கி ஒவ்வொன்றாக நீட்டுகிற பயிற்சி. அதைச் செய்துகொண்டிருந்தபோது என் அம்மா உள்ளே வந்துவிட்டாள். "ஐயா! என்னய்யா பண்ணுது!" என்று போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. எழுந்து உட்கார்ந்து, நன்றாக இருக்கிறேன் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. நன்றாக இருக்கிறேன் என்று என் வாயாலேயே சொன்னதை என் மனைவி குறித்துக்கொண்டாள். மறுநாள் வரமிளகாய் தாளிப்பு திரும்ப வந்தது.

அடுத்தது இடுப்பிலிருந்து மடங்குவது. முதுகை வளைக்காமல், பிட்டத்தைப் பின்னால் தள்ளி, தொடை எலும்பு இடுப்பில் சேருகிற மூட்டில் மடங்க வேண்டும். முதுகில் நெடுக ஒரு துடைப்பக்கட்டையை வைத்துப் பழகச் சொன்னது பிசியோ. தலையின் பின்பக்கம், தோள்களுக்கு நடுவே, வால் எலும்பு ஆகிய மூன்று இடத்திலும் கட்டை தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இத்தனை வருஷம் மைதானத்தில் நான் குனிந்தது எல்லாம் முதுகை வளைத்து. தேசிய அணிப் பிள்ளைகள் குனிவதை டி.வி.யில் உற்றுப் பார்த்தால் தெரியும், முதுகு பலகையாக இருக்கும், மடிப்பு இடுப்பிலும் முழங்காலிலும்தான். பி.டி. வாத்தியார் இதைத்தான் "உக்காந்து ஆடுலே, உக்காந்து ஆடு" என்று பள்ளிக்கூடத்தில் கத்தியிருக்கிறார். நாங்கள் களைப்பாக இருந்தால் உட்கார்ந்துகொள்ளச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டோம். அதற்கு வாங்கிய அடியும் நினைவிருக்கிறது.

துடைப்பக்கட்டையோடு குனியக் கற்ற வாரத்தில் பால் பாக்கெட்டும் பேப்பரும் என் கணக்குக்கு வந்தன. "அதான் குனியத் தெரியுதுல்லங்க" என்றாள் என் மனைவி.

பிறகு ஜிம். எங்கள் ஊர் ஜிம்மில் சுவரெல்லாம் கண்ணாடி, கண்ணாடியெல்லாம் பையன்கள். எல்லாரும் நெஞ்சுக்கும் கைக்கும்தான் உழைப்பார்கள். முதுகு கண்ணாடியில் தெரியாது, அதனால் அதற்கு யாரும் வருவதில்லை. மூலையில் முதுகுக்கான இடம் முழுக்க எனக்கே. ரப்பர் பட்டையைக் கம்பியில் கட்டி, பக்கவாட்டில் நின்று, நெஞ்சிலிருந்து நேராக முன்னால் தள்ளுகிற பாலோஃப் பிரஸ் என்ற பயிற்சியில், பட்டை உடம்பைத் திருப்பப் பார்க்கும், நாம் திரும்பாமல் நிற்க வேண்டும். திரும்பாமல் நிற்பதற்குத்தான் அவ்வளவு பிரயாசை. வேடிக்கை பார்த்த பையன், "அங்கிள், பேண்டு ஸ்டக் ஆயிருச்சா?" என்று கேட்டு அவிழ்த்துவிட வந்தான்.

டெட்லிஃப்ட்டும் அங்கேதான் வந்தது. தரையில் கிடக்கும் எடையைப் பிடித்து நிமிர்வது. அறுத்த முதுகுக்கு இதையா கொடுப்பார்கள் என்று நானும் பதறினேன். தழும்பை நினைத்துப் பயந்துகொண்டே இருக்கும் முதுகுதான் மறுபடியும் மாட்டிக்கொள்ளும், கொஞ்சம் கொஞ்சமாகச் சுமை கொடுத்துப் பழக்க வேண்டும் என்பது பிசியோவின் கட்சி. கைப்பிடி வைத்த கெட்டில்பெல் குண்டில் தொடங்கி, வலி எட்டிப் பார்த்தால் ஒரு படி இறங்கி, மறுபடி ஏறி, எடை கூடிக்கொண்டே போனது. "மூச்ச அடக்காதீங்க சார். முகத்தால தூக்காதீங்க சார். இடுப்பால." கடைசிவரை என் முகமும் சேர்ந்துதான் தூக்கியது.

நான் செய்த தப்பு என்று இதில் எதுவுமில்லை, விதிதான். ஒருநாள் சாப்பிடும்போது கிலோக் கணக்கைப் பெருமையாக வீட்டில் சொன்னேன். நிறைந்த கேஸ் சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ், அதற்குமேல் இரும்பு ஒரு பதினைந்து பதினாறு, மொத்தம் சுமார் 30 கிலோ என்று என் மனைவி மனக்கணக்காகச் சொன்னாள். கணக்கர் வீட்டில் வாழ்க்கைப்பட்ட பலன். அன்று முதல் சிலிண்டர் மாற்றுவது நான்.

ஒரு கையில் மட்டும் எடையைப் பிடித்துக்கொண்டு, உடம்பு சாயாமல் நடக்கிற பயிற்சி ஒன்று உண்டு. வீட்டில் கெட்டில்பெல் இல்லாததால் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குடத்தைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடந்து, மகனை வீடியோ எடுக்கச் சொல்லி பிசியோவுக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது. "சார், நீங்க வலது பக்கம் சாயுறீங்க. பின்னாடி போறவங்க யாரு? அவங்க ஃபார்ம் சூப்பர்." ஓடவிட்டுப் பார்த்தேன். தண்ணீர் வந்த நாள் அது. இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம், வாயில் மகனுக்கு ஒரு திட்டு. தோள் ஏறவில்லை, இடுப்பு சாயவில்லை, நடை குலையவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து என் மனைவி இந்தப் பயிற்சியை எண்ணிக்கை இல்லாமல், இளைப்பாறல் இல்லாமல், வீடியோ இல்லாமல் செய்துகொண்டிருக்கிறாள். பதிலை வாசித்துக் காட்டினேன். "அந்தப் பிள்ளைய ஒருநாள் சாப்பிடக் கூட்டிட்டு வாங்க" என்றாள். மறுவாரம் குடமும் பாதிப் பாதியாகப் பிரிந்தது.

ஓட்டம், திசை மாற்றி ஓட்டம், மட்டையோடு நடை, மட்டையோடு ஓட்டம் என்று படிப்படியாக விட்டார்கள். பந்தைத் தள்ளலாம், மெதுவாக அடிக்கலாம். டிராக் ஃபிளிக் மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்றது பிசியோ. நன்றாகத் தாழ்ந்து, மட்டையில் பந்தை இழுத்துக்கொண்டே வந்து, உடம்பை முறுக்கி வலைக்குள் வீசுவது. இடுப்புக்கு இதைவிடக் கொடுமையான வேலை ஆட்டத்தில் இல்லை. எனக்கு என்றைக்குமே வராத ஒன்றை, வேண்டாம் என்று ஒருவர் கேட்டுக்கொண்டதில் மனசு நிறைந்தது. மைதானத்தில் எல்லாரிடமும் சொன்னேன்: "டிராக் ஃபிளிக்க டாக்டர் நிப்பாட்டச் சொல்லிட்டாரு." ஸ்டாம்ப் வெண்டர் மட்டும் சிரித்தார்.

அந்த ஞாயிறு நான் இருந்த பக்கம் தோற்றது. இரண்டு தடவை பந்தை மறித்தேன், மூன்றாவதில் கட்டியில் பட்டுத் துள்ளி என்னைத் தாண்டிப் போய்விட்டது. முதுகு ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்ததும் இரும்புக் கோல் கம்பங்களை ஓரமாகத் தூக்கி வைக்க வேண்டும். பழைய பழக்கத்தில், இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் சுளித்தபடி நகர்ந்தேன்.

"அண்ணாச்சி, எங்க போறீக?" என்றார் மருந்துக்கடைக்காரர். "மதினி எல்லாம் சொல்லிட்டாக. வாங்க, கனமான பக்கத்தப் பிடிங்க."