நாய்க்குப் படம் எழுதுவித்தல்: வெள்ளக்கடையை முன்வைத்து ஓர் ஆய்வு

சேர்வராயன் மலையில் ஆய்வு செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பது இக்கட்டுரையின் முதல் எடுகோள். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் குனிந்து எடுத்து இந்தியத் தொல்லியலை நிமிர வைத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வுக் காலத்தில் வந்து தங்கியது ஏற்காட்டில்தான். அவர் கல்லைப் பார்த்தார். நாம் நாயைப் பார்க்கிறோம். ஆய்வுக் களம், ஏற்காடு ஒன்றியத்தைச் சேர்ந்த வெள்ளக்கடை. ஆய்வுப் பொருள், அங்குள்ள காப்பித் தோட்ட வீடொன்றில் மணி என்னும் கருப்பு நாட்டு நாய்க்கு ஆர்ட்டிஸ்ட் வைத்துப் படம் எழுதுவித்த நிகழ்வு. ஆய்வின் எல்லை, அந்த வீட்டுத் திண்ணை. போலீஸ் நாய், சினிமா நாய், பைரவர் வாகனம் ஆகியவை எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளன. அவை குரைத்தால் ஆய்வாளர் பொறுப்பல்ல.

தகவலாளர்கள் இருவர். தகவலாளர்-1, மணியின் உரிமையாளரும் ஆய்வாளரின் பெரியப்பாவும் ஆவார். தகவலாளர்-2, பெரியம்மா. இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேட்டி தர மறுத்துவிட்டதால் தரவுகள் கூடத்திலும் சமையற்கட்டிலுமாகத் தனித்தனியே திரட்டப்பட்டன. முரண்பட்ட இடங்களில் சமையற்கட்டுத் தரவே ஏற்கப்பட்டது. அங்கேதான் காப்பி கிடைத்தது.

விலங்குக்குப் படம் எழுதுவிப்பது ராஜாக்கள் வீட்டுப் பழக்கம் என்றொரு கருத்து உண்டு. ஜஹாங்கீர் தமக்கு வந்த வரிக்குதிரையை 1621இல் மன்சூரைக் கொண்டு எழுதுவித்தார். யாரோ குதிரைக்குக் கோடு போட்டு ஏமாற்றுகிறார்கள் என்று முதலில் சந்தேகப்பட்டு, சோதித்துப் பார்த்த பிறகே நம்பினார்கள். விக்டோரியா அரசியாவதற்கு முந்தைய ஆண்டு, 1836இல், அவருடைய நாய் டேஷை லேண்ட்சீர் தீட்டினார். தாயார் மகளுக்குக் கொடுத்த பிறந்தநாள் பரிசு அது. இவற்றை வைத்து, பணமும் பொழுதும் மிகுந்தவர்களின் வேலை இது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வெள்ளக்கடையிலிருந்து வடகிழக்கே நாலு மலை தாண்டிப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

திருவண்ணாமலை மாவட்டம், செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்றொரு சிற்றூர். முதலாம் மகேந்திரவர்மன் காலத்து வட்டெழுத்து நடுகல் ஒன்று அங்கே இருக்கிறது. எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் விழுந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய். நாயின் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துவிட்டுத் தன் ஆளுக்குக் காவலாக நின்றது என்ற செய்தியும் கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. கல்லெடுத்தது ராஜாவுக்கு அல்ல. எருமை காத்தவனுக்கு. அப்போது நாட்டை ஆண்டவனுக்கோ சித்திரகாரப்புலி என்ற பட்டப்பெயர். அந்தப் புலி எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற நாடகத்தில் காபாலியின் மண்டையோட்டுப் பாத்திரம் காணாமல் போய், ஊரே சண்டை போட்டு, கடைசியில் அதைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய் என்று தெரியவருகிறது. ஆக அந்த ஆட்சியில் நாய் இலக்கியத்திலும் இருந்தது, கல்லிலும் இருந்தது. இலக்கியத்தில் அது திருடன், கல்லில் காவலன். இரண்டுமே மணிக்குப் பொருந்தும்.

கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்து ஆதக்கூர்க் கல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்ததைச் சொல்லும் கல் அது, காலம் 949-50. அந்தப் போரில் நன்றாகச் சண்டையிட்ட மணலேரன் என்ற வீரனிடம், என்ன வேண்டும் கேள் என்றான் அவன் தலைவனான கங்க மன்னன் பூதுகன். ஊர் கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை. காளி என்ற வேட்டைநாயைக் கேட்டு வாங்கினான். அந்தக் காளி ஒரு காட்டுப்பன்றியோடு மோதி, பன்றியையும் கொன்று தானும் செத்தது. நாயும் பன்றியும் கட்டிப் புரளும் காட்சியைக் கல்லில் செதுக்கி, நிலமும் விட்டு, பூசைக்கும் ஏற்பாடு செய்தார்கள். கல் இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காட்டுப்பன்றியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளக்கடையிலும் ஒரு பன்றி வரும்.

இனி கோட்பாட்டுச் சட்டகம். அது இல்லாவிட்டால் கட்டுரையை எவரும் ஆய்வென்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மேலைக் கோட்பாடுகளைத் தேடி அலையாமல் தொல்காப்பியர் நடுகல்லுக்குச் சொன்ன ஆறு துறைகளையே எடுத்துக்கொள்ளலாம்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. மணியின் படம் இந்த ஆறையும் ஒன்று விடாமல் கடந்திருக்கிறது.

காட்சி என்பது கல்லைத் தேர்வது. இங்கே செல்போனில் போட்டோவைத் தேர்வது. கருப்பு நாய்க்கு மலையில் போட்டோ எடுப்பது எவ்வளவு கடினம் என்பது கீழே சேலத்தில் இருப்பவர்களுக்குப் புரியாது. பின்னால் வெள்ளையாகப் பனிமூட்டம். செல்போன் அந்த வெள்ளையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் இருட்டாக்கிவிடும். பெரியப்பாவிடம் இருந்த படங்களில் பெரும்பாலானவற்றில் இரண்டு மின்னும் கண்ணும் ஒரு நாக்கும்தான் தெரிந்தன. நடுவில் நாய் இருப்பதாக நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். கடைசியில் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தடியில், வெயில் சாய்வாக விழுந்த நேரத்தில், டீக்கடைப் பொறையைக் காட்டி ஒன்று எடுத்தார்கள். பொறை தீரும்வரை மணி அசையவில்லை. பொறை தீர்ந்ததும் நாயும் இல்லை, ஆய்வும் இல்லை.

கால்கோள் என்பது அட்வான்ஸ் கொடுப்பது. சேலத்திலிருந்து ஏறி வந்த ஆர்ட்டிஸ்ட் ஒரு காலத்தில் சினிமா பேனர் வரைந்தவர். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துத் தள்ளிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு சாலையில் இருந்த ஊர் அது. ஸ்டுடியோவின் நுழைவு வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது. ஃபிளெக்ஸ் வந்ததும் பேனர்க்காரர்கள் பிழைப்பு போயிற்று. ஆனால் கை போகவில்லை, கணக்கும் போகவில்லை.

“அண்ணே, முகம் மட்டும்னா ஒரு ரேட்டு. முழு உருவம்னா சதுர அடிக் கணக்கு.”

“வால மடக்கி உக்கார வெச்சே போடுப்பா. வாலுக்கெல்லாம் தனியா காசு குடுக்க முடியாது.”

நாய் உருவக்கலை வரலாற்றில் அமர்ந்த கோலம் தோன்றியதற்கான பொருளாதாரக் காரணம் இந்த உரையாடலில் அடங்கியிருக்கிறது.

நீர்ப்படை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செங்குட்டுவன் இமயத்துக் கல்லைக் கங்கையில் நீராட்டினான், கல் எதிர்க்கவில்லை. மணியைக் குழாயடியில் நீராட்ட மூன்று பேர் தேவைப்பட்டார்கள். அதன் பிறகு மணி போய்ப் புரண்ட இடம் காப்பித் தோல் குவிந்த உரக்குழி.

ஆர்ட்டிஸ்ட் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கத்தான் வேண்டும். போட்டோவின் மேல் பென்சிலால் சின்னச் சின்னக் கட்டம் போட்டார். அதே எண்ணிக்கையில் துணியில் பெரிய கட்டம். ஒரு கட்டத்தில் இருப்பதை மறு கட்டத்துக்குக் கொண்டுபோனால் முழு உருவம் தானாக வரும். நாற்பதடி எம்.ஜி.ஆர். வந்ததும் இந்த வழியில்தான். பழக்கம் விடுமா? மணியின் கன்னத்தில் லேசாக ரோஸ் ஏறிற்று. நாய்க்குக் கன்னம் எங்கே தொடங்குகிறது என்ற உடற்கூற்றுக் கேள்வியை ஆய்வாளர் எழுப்பினார், பதில் வரவில்லை. கருப்பு உடம்பில் வெளிச்சம் விழும் இடமெல்லாம் நீலம் போட்டதும் சமையற்கட்டு வெளியே வந்தது.

“ஏனுங்க, எங்க மணி என்ன கிருஷ்ணனா? எதுக்கு இத்தன நீலம்?”

“அக்கா, கருப்ப வெறும் கருப்பாலயே போட்டா தார் ஊத்துன மாதிரி இருக்கும். நீலம் விழுந்தாத்தான் அது கருப்பு.”

பெரியம்மா கேட்டது சிவப்புப் பின்புலம். இதில் ஓர் அறிவியல் சிக்கல். நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் நிறமாகத் தெரியும். சிவப்பு மங்கிய பழுப்பாகிவிடும். எனவே மணிக்காக எழுதிய படத்தில் மணிக்குப் பளிச்சென்று தெரிந்திருக்கக்கூடிய ஒரே பகுதி, பெரியம்மா வேண்டாம் என்ற அந்த நீலம்தான்.

எண்ணெய் வர்ணம் துணி உலர்வதைப் போலத் தண்ணீர் வற்றிக் காய்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுக வேண்டும். குளிரிலும் ஈரத்திலும் அது இன்னும் சோம்பும். மலையில் படம் நாள்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே திண்ணையில் கிடந்தது. பக்கத்தில் மணியும் கிடந்தது. இறுகி முடித்தபோது மணியின் அசல் மயிர் சில படத்தில் நிரந்தரமாக ஒட்டியிருந்தன. யதார்த்தவாத ஓவியம் இதற்கு மேல் போக முடியாது என்பது ஆய்வாளரின் துணிபு. மணி ஒருமுறை நெருங்கி முகர்ந்துவிட்டுத் தும்மியது. இத்தும்மலை விமர்சனமாகக் கொள்வதா, டர்பண்டைனின் விளைவாகக் கொள்வதா என்பது மேலாய்வுக்குரியது.

உண்மையான போர் காதில் மூண்டது. மணியின் வலது காதில் பாதி கிடையாது. காப்பி பழுக்கும் பருவத்தில் தோட்டத்துக்குள் வந்த காட்டுப்பன்றியோடு மல்லுக்கு நின்றதில் போயிற்று. காசு கொடுத்து எழுதுகிற படத்தில் ஊனத்தையா காட்டுவது, முழுக் காதாகப் போடு என்பது பெரியம்மா கட்சி. பாதிக் காது இல்லாவிட்டால் அது வேறு நாய் என்பது பெரியப்பா கட்சி. பெரிய பெரிய நடிகர்களின் குறைகளை மறைத்துப் பழகிய ஆர்ட்டிஸ்ட் இருவரையும் பார்த்தார். மணியின் முகத்தை ஒருபக்கமாகத் திருப்பி, வலது காது கண்ணில் படாத கோணத்துக்குக் கொண்டுபோய்விட்டார். இரு கட்சியும் தோற்றன. தொழில் தெரிந்தவர்தான். ஆனால் ஆய்வு நோக்கில் இது தப்பு. அரசர்களுக்கு மெய்க்கீர்த்தியைக் கல்லில் வெட்டினார்கள்; மணிக்கு அதைப் பன்றியே காதில் வெட்டிக் கொடுத்திருக்கிறது. அதை மறைத்துவிட்டு மீதியை எவ்வளவு அழகாக எழுதினாலும் அது கன்னத்தில் ரோஸ் பூசிய யாரோ ஒரு நாய்.

நடுதல் துறையில் எதிர்பாராத தடை ஒன்று வந்தது. கூடத்துச் சுவரில் ஆணிக்கு இடம் இருந்தது தாத்தா, பாட்டி, சின்னத் தாத்தா வரிசையில் மட்டும். மூவரும் சந்தனப் பொட்டோடும் பிளாஸ்டிக் மாலையோடும் சிவப்புச் சீரோ வாட் பல்போடும் இருக்கிறவர்கள். உயிரோடு இருக்கிற நாயை அந்த வரிசையில் மாட்டுவதாவது! தமிழ் மரபில் உருவம் எடுப்பது பெரும்பாலும் செத்த பிறகுதான். கோவிவன் நிற்பதும் நடுகல்லில். சில ஆண்டுகளுக்கு முன் மானாமதுரை அருகே டாம் என்ற லாப்ரடாருக்குப் பளிங்குச் சிலை வைத்துக் கோயில் கட்டியதும் டாம் இறந்த பிறகே. உயிரோடிருக்கும்போது உருவம் கிடைத்த நாய் என்றால், 2005 ஜனவரியில் அஞ்சல்துறை வெளியிட்ட தபால்தலையில் இடம்பிடித்த ராஜபாளையம்தான் நினைவுக்கு வருகிறது. அதுவும் இனத்துக்குக் கிடைத்த மரியாதை, தனி நாய்க்கு அல்ல. மணியின் படம் எதிர்ச்சுவரில் தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஏறியது. பெரும்படை கோழிக் குழம்போடு முடிந்தது. வாழ்த்துத் துறையில் அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டு, “நல்லாருக்கு, யாரு வூட்டு நாய்?” என்றார்கள்.

அந்தக் கேள்விதான் ஆய்வின் முடிபுக்கு வழிகாட்டியது. எடுத்தனூர்ச் சிற்பிக்குக் கோவிவனின் சாயலைப் பிடிக்கத் தெரிந்ததா என்று இன்று எவராலும் சொல்ல முடியாது. கல்லில் இருப்பது நாய் என்ற அளவுக்குத்தான் தெரிகிறது. ஆனாலும் ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்து அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறது. காரணம், பக்கத்தில் பெயரும் செய்த காரியமும் எழுத்தில் இருப்பது. லேண்ட்சீரின் திறமை ஊரறிந்தது. அவர் படத்திலும் பெயர் தெரியாவிட்டால் டேஷ் ஒரு சின்ன ஸ்பேனியல், அவ்வளவே. சாயலுக்குக் கொடுக்கிற காசில் கால்வாசியை எழுத்துக்குக் கொடுப்பதே சரி என்று இவ்வாய்வு தீர்ப்பளிக்கிறது. நம் ஆர்ட்டிஸ்டுக்கு எழுத்து கைவந்த கலை. பெரியப்பா சொன்னதும், கொழுத்த சினிமாத் தலைப்பு எழுத்தில், மஞ்சளில், நிழல் வைத்து, படத்தின் அடியில் எழுதிக் கொடுத்தார்: மணி, வெள்ளக்கடை, பன்றி விரட்டியது. எழுத்துக்குத் தனி சார்ஜ் வாங்கவில்லை. பெரியம்மா அதன் பிறகு காதைப் பற்றிப் பேசவில்லை.

பரிந்துரை ஒன்றே. ஆண்டுதோறும் ஏற்காட்டில் நடக்கும் கோடை விழாவில் மலர்க் கண்காட்சியோடு நாய்க் கண்காட்சியும் உண்டு. பல் பார்க்கிறார்கள், நடை பார்க்கிறார்கள், பரிசு கொடுத்து அனுப்புகிறார்கள். அந்த மைதானத்தின் ஓரத்தில் ஒரு பந்தல் போட்டு, சேலத்துப் பழைய பேனர் ஆர்ட்டிஸ்டுகளை நாலு பேர் உட்கார வைக்க மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டும். படம் எழுதிக்கொள்ள வருகிறவர்கள் பொறை பாக்கெட்டோடு வரவும்; காதைப் பற்றிய பேச்சை வீட்டிலேயே முடித்துவிட்டு வரவும்.