கரிக்கோச்சி உபாசகர்

பலேர்மோ நகரத்துக் கபோச் சந்தையில், கரீனி வாசலுக்கு உட்புறமாக, வாள்மீன் தலையை அதன் நீண்ட மூக்கு ஆகாயத்தைப் பார்க்கும்படி நிமிர்த்தி வைத்து விற்கிற கடைக்கும், கடலைமாவுக் களியைத் தகடாக வெட்டிப் பொரித்து ரொட்டிக்குள் வைத்துக் கொடுக்கிற கடைக்கும் நடுவே, காய்கறிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போகிறவர் வருகிறவர் இடிப்பதையும் பொருட்படுத்தாமல், “கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பளை, மாவிட்டபுரம்” என்று ஒரு பெரியவர் மூச்சு விடாமல் ஒப்பித்துக்கொண்டு நிற்கக் கண்டால், அவரை மந்திரவாதி என்றோ சித்தப்பிரமை பிடித்தவர் என்றோ யாரும் எண்ணிவிட வேண்டாம். பலேர்மோவில் வாழும் சில ஆயிரம் யாழ்ப்பாணத்துத் தமிழர்களிடையே, தெருவுக்கு ஒருவர் என்ற கணக்கிலாவது இருந்தே தீருகிற கரிக்கோச்சி உபாசகர் அவர். நீராவி எஞ்சின் பூட்டிய ரயில் வண்டிக்கு ஈழநாட்டார் இட்ட செல்லப்பெயர் கரிக்கோச்சி. அந்த வண்டி ஓடாமற்போய் அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டதென்பது உபாசனைக்கு ஒரு தடையே அன்று. விக்கிரகம் கண்ணுக்கு முன்னால் இருக்கவேண்டும் என்று வற்புறுத்துவது பக்தியில் கீழ்ப்படியைச் சேர்ந்தது என்பது அவருடைய சித்தாந்தம்.

இவ்வர்க்கத்தாரைக் கண்டுகொள்வது எளிது. இவர்கள் காலத்தைப் பஞ்சாங்கத்தால் அளப்பதில்லை. “உங்களுக்கு வயது என்ன?” என்று கேட்டால், “யாழ்தேவி ஓட வெளிக்கிட்ட வருஷம் நான் அரிவரி வகுப்பு” என்று விடை வரும். அந்த ரயில் முதன்முதலில் ஓடியது 1956 ஆம் ஆண்டு ஏப்ரல் 23 ஆம் தேதி என்ற செய்தியும் கேளாமலே சேர்ந்து வரும். தூரத்தையும் மைலால் அளப்பதில்லை. சந்தைக்கும் மாஸிமோ நாடக சாலைக்கும் இடையே உள்ள நடைதூரம் அவர் கணக்கில் “மீசாலையிலை ஏறிச் சங்கத்தானையிலை இறங்கினது போல”. ஊரில் ஒருவருக்குக் கலியாணம் பேசுகிறார்கள் என்று வையுங்கள். பெண்ணின் குலம், கோத்திரம், உத்தியோகம் எல்லாவற்றையும் மற்றவர்கள் விசாரித்துக்கொண்டிருக்க, நம்மவர், “பெடிச்சியின்ரை தகப்பன் ஆட்கள் எந்த ஸ்டேசனடி?” என்று கேட்பார். கொடிகாமம் என்றால் அவருக்குப் பூரண திருப்தி. ரயில் போகாத வடமராட்சி என்று தெரிந்துவிட்டால், முகத்தில் ஒரு சிறு வாட்டம் தோன்றும். சம்பந்தத்தை அவர் தடுக்கமாட்டார், ஆனால் அதன்பின் அதைப்பற்றிப் பேசவும் மாட்டார்.

அவருடைய உபாசனையின் மூலஸ்தானம் கண்ணில் விழுகிற கரித்தூள். அனுபவமுள்ள பிரயாணிகள் எஞ்சினுக்கு முதுகைக் காட்டி உட்காருவார்கள். வெள்ளை வேட்டிக்காரர் சன்னல் பலகையைத் தூக்கி அடைத்துவிடுவார். ஒன்பது வயதுச் சிறுவனாகிய நம்மவரோ, தாயார் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டேயிருக்க, தலையையும் தோளையும் வெளியே நீட்டி, பாதை வளைகிற இடத்திலே எஞ்சினுடைய பக்கவாட்டையும், பெருஞ்சக்கரங்களைக் கோத்து மேலும் கீழும் போய்வருகிற இரும்புத் தண்டையும் பார்த்தே தீருவதென்று விரதம் பூண்டிருப்பார். அப்பொழுது கடுகிலும் சிறிய ஒரு கரித்துணுக்கு, இன்னும் முழுதும் ஆறாத சூட்டோடு, இமைக்குள் வந்து விழும். தாயார் சேலைத் தலைப்பைத் திரித்து வாயாவி ஊதி ஒற்றியெடுக்க, மறுகண்ணால் அவர் புகையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த வைபவத்தை விவரிக்கும்போது இன்றைக்கும் அவருடைய வலது கண் தானாகவே கலங்குகிறது. இடது கண் கலங்கி நான் பார்த்ததில்லை. பிறகு அவர் வாயால் எஞ்சினை ஓட்டிக் காட்டுவார்: ஸ்டேஷனை விட்டுக் கிளம்புகையில் கனத்த நாலு பெருமூச்சு, சக்கரம் வழுக்கினால் படபடவென்று ஒரு கோபம், வேகம் பிடித்ததும் ஒரே சீரான தாளம். இதைச் சபையறியாமல் செய்துவிடுவார் என்பதுதான் சங்கடம். கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் மூச்செடுத்த இடைவெளியில் இவர் ஆனையிறவைத் தாண்டிவிட்ட சந்தர்ப்பங்கள் உண்டு.

டீசல் எஞ்சினைப் பற்றி அவரிடம் பிரஸ்தாபிப்பது உசிதமன்று. கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா தேசம் 1954 ஆம் ஆண்டு முதலாக இலங்கைக்குக் கொடுத்த டீசல் எஞ்சின்களை அவர் கலியுகத்தின் தொடக்கமாகக் கருதுகிறார். அவற்றுக்குக் கனடாவின் மாகாணங்களுடைய பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். ஆதலால் ஒன்ராறியோ என்பது அவருக்கு முதன்முதலில் ஓர் எஞ்சினாகவே அறிமுகமாயிற்று. அது ஒரு பூபாகமும் ஆகும் என்பதும், தம் உறவினரில் பாதிப்பேர் பிற்காலத்தில் அதில் போய்க் குடியேறப் போகிறார்கள் என்பதும் அக்காலத்தில் யாருக்குத்தான் தெரியும்! டொரொண்டோவிலிருந்து மருமகன், “மாமா, ஒருக்கா ஒன்ராறியோவைப் பாக்க வாருங்கோவன்” என்று அழைக்கும்போதெல்லாம், “நான் அதை மருதானை ஸ்டேசனிலையே பாத்திட்டன், தம்பி” என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுகிறார்.

இவருக்கு நிகரான ஒரு பிரதிவாதியைப் பலேர்மோ நகரமே அளித்திருக்கிறது. ஆலிவ்காய் வியாபாரத்திலிருந்து ஓய்வு பெற்று, சந்தை மூலையில் ஒரு பிரம்பு நாற்காலியில் நிரந்தரமாக வீற்றிருக்கும் அந்தச் சிசிலியப் பெரியவருக்கு உபாசனா மூர்த்தி, பலேர்மோவிலிருந்து கொர்லியோனேக்குப் போன குறுகிய ரயில்பாதை. கொர்லியோனே என்றதும் உலகத்தார்க்கெல்லாம் ஒரு சினிமாவும், அதில் பூனையைத் தடவிக்கொண்டிருக்கும் ஒரு தாதாவும் ஞாபகம் வருவது இயல்பு. இவ்விருவருக்கும் மட்டும் 950 மில்லிமீட்டர் தண்டவாள இடைவெளி ஞாபகம் வருகிறது. 1886 இல் திறந்து 1959 இல் மூடிய அந்தப் பாதை, கடலோரத்துச் சந்த் எராஸ்மோ நிலையத்தில் புறப்பட்டு, மலைகளுக்குள்ளே வளைந்து வளைந்து, நடந்து போகிறவனுக்கும் தனக்கும் அதிக பேதமில்லாமல் போய்ச் சேர்ந்ததாகச் சொல்வார்கள். அந்த நிதானமே அதன் மகிமை என்பது சிசிலியரின் கட்சி. நம்மவருடைய உடைந்த இத்தாலிய மொழியும் அவருடைய பல் போன சிசிலிய மொழியும் வேறெந்த விஷயத்திலும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. ரயில் என்றால் மட்டும் இருவரும் வித்துவான்கள்.

வாதத்தில் முதற்சுற்று பழமையைப் பற்றியது. சிசிலித் தீவின் முதல் ரயில் பலேர்மோவிலிருந்து பகேரியாவுக்கு 1863 ஏப்ரலில் ஓடிவிட்டது. கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு முதல் வண்டி போனது 1864 டிசம்பரில். இருபது மாதத் தோல்வி! ஆனால் நம்மவர் அதற்கெல்லாம் அசைகிறவரா? உடனே பாக்கு நீரிணையைத் தாண்டி, 1856 இலேயே இராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் வண்டி ஓடியதை எடுத்து விடுவார். மற்ற நாளெல்லாம் இந்தியா அவருக்கு அந்நிய தேசந்தான். வாதத்தில் தோற்கிற அன்று அது தாய்வீடு. ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்கிற இந்தத் தந்திரம் சிசிலியருக்கும் தெரியும். வடக்கத்தியர் என்று நேபிள்ஸ்காரரையே நம்பாத அம்மனிதர், 1839 இல் நேபிள்ஸிலிருந்து போர்த்திச்சிக்கு ஓடிய இத்தாலியின் முதல் ரயிலைத் தம் சொந்தப் பாட்டனார் சொத்தைப் போலக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார். அத்தோடு அந்தச் சுற்று முடியும்.

அடுத்தது அகலம். இதில் நம்மவருக்கு ஈடில்லை. இலங்கைப் பாதையின் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே ஐந்தடி ஆறங்குலம், அதாவது 1676 மில்லிமீட்டர். இத்தாலியின் பிரதான பாதைகளோ 1435 தான். கொர்லியோனேப் பாதையைச் சொல்லவே வேண்டாம். பலேர்மோவுக்கு வந்து இறங்கி, நடுத்தர வயதில் பிறர் வீட்டுத் தரையைத் துடைத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய காலத்தில், எஜமானர்களுடைய பளிங்கு மாளிகையும் வெள்ளிப் பாத்திரமும் அவரைச் சிறிதும் தாழ்வாக உணரச் செய்யாமல் காத்தது இந்த 241 மில்லிமீட்டர் வித்தியாசமே என்று அவர் அந்தரங்கமாகச் சொல்லியிருக்கிறார். சிசிலியர் சளைக்காமல், “எங்கள் பாதையும் ஒரு மீட்டர்தான், தண்டவாளத்தின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்கவேண்டும், உனக்கு அளக்கத் தெரியவில்லை” என்பார். பழைய இத்தாலியச் சட்டம் அப்படித்தான் அளந்தது என்பது வாஸ்தவமே. ஆனால் உபாசகரிடத்தில் சட்டம் பேசி ஜயித்தவர் யார்? சிசிலியர் கடைசியாக எஞ்சின்களின் அழகுக்குத் தாவுவார். இத்தாலிய ரயில்வேயில் 625 என்ற வகை எஞ்சினுக்குக் குமாரி என்றும், 685 க்கு மகாராணி என்றும் பட்டப்பெயர் வழங்கிற்றாம். நம்மவர் புன்னகையோடு, “உங்களுக்குக் குமாரி, ராணி, எங்களுக்குத் தேவி” என்று முடித்துவிடுவார். யாழ்தேவியை இழுத்ததில் டீசலுக்குப் பெரும்பங்கு உண்டென்பதை அப்பொழுது அவர் சொல்லுவதில்லை.

சிசிலியரிடம் அவர் முழுமனதோடு தோல்வியை ஒப்புக்கொள்கிற விஷயம் ஒன்றே ஒன்று. அது மெஸ்ஸீனா ஜலசந்தி. மிலானில் இருக்கிற மகளைப் பார்க்க விமானத்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அவர் இராவண்டியில்தான் போவார். மெஸ்ஸீனாவில் வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஒவ்வொரு துண்டாகக் கப்பலின் வயிற்றுக்குள்ளே போட்டிருக்கும் தண்டவாளத்தின்மீது மெல்லத் தள்ளுவார்கள். பெட்டி கரையைவிட்டுக் கப்பலில் கால் வைக்கிற அந்தக் கணத்தில், இரும்போடு இரும்பு முட்டி ‘டக்’ என்று ஓர் ஓசை கேட்கும். பெட்டி முழுவதும் ஒருமுறை உடம்பை உதறிக்கொள்ளும். மற்றப் பிரயாணிகள் தூங்குவார்கள், அல்லது மேல்தளத்துக்குப் போய்ச் சோற்றுருண்டையும் காப்பியும் சாப்பிடுவார்கள். நம்மவர் கீழே, பெட்டிகளைப் பிணைத்திருக்கும் சங்கிலிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டு, எண்ணெய் நாற்றத்தின் நடுவே நிற்பார். 1899 இல் தொடங்கிய ஏற்பாடு இது. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் தொடர்பு ஏற்பட்டபோது, பிரயாணிகள்தாம் பெட்டி படுக்கையோடு இறங்கிக் கப்பலுக்கு மாறவேண்டியிருந்தது. இவருடைய தகப்பனார் ‘கோஷன்’ கப்பலில் சிதம்பர தரிசனத்துக்குப் போய் வாந்தியெடுத்துத் திரும்பியவர். “அப்பு கோச்சியாலை இறங்கிக் கப்பலேறினார், நான் கோச்சியோடையே ஏறுறன்” என்று சொல்லும்போது, குடும்பம் ஒரு தலைமுறையில் அடைந்த முன்னேற்றம் முழுவதும் அந்தக் குரலில் தொனிக்கும். ஜலசந்திக்குப் பாலம் போடவேண்டும் என்று இத்தாலிய அரசாங்கங்கள் பேசத் தொடங்கும்போதெல்லாம் அவருக்கு இரத்த அழுத்தம் ஏறிவிடுகிறது.

1990 ஜூனில் யுத்தத்தால் நின்றுபோன வடக்குப் பாதை, 2014 அக்டோபர் 13 ஆம் தேதி மறுபடியும் யாழ்ப்பாணம் வரைக்கும், அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறை வரைக்கும் திறக்கப்பட்டபோது, பலேர்மோத் தமிழர்கள் அவரைத் தேடி வந்து வாழ்த்தினார்கள். பிள்ளைகள் பணம் சேர்த்துத் தம்பதிகளை அனுப்பிவைத்தார்கள். திரும்பி வந்தவர் ஒரு கிழமை வரைக்கும் குறைகளையே அடுக்கிக்கொண்டிருந்தார்: பாதை புதிது, ஆகையால் ஆட்டமில்லை, தேத்தண்ணி ஒரு துளிகூடச் சிந்தவில்லை, வேட்டி கட்டினபடியே வெள்ளையாக இறங்கிற்று, இந்தியாவின் இர்கான் நிறுவனத்தார் கட்டிய ஸ்டேஷன்களில் ஒன்றாவது அழுக்காக இல்லை. “ஆனையிறவு தாண்டேக்கை இவர் கதவடியிலை நிண்டு கண்ணைத் துடைச்சவர்” என்று அம்மையார் இடைமறித்தார். “அது டீசல் புகை” என்றார் அவர். எந்தக் கண் என்று நான் கேட்கவில்லை.

அம்மையாரைப் பற்றியும் சொல்லவேண்டும். பெல்லெக்ரீனோ மலைக் குகையிலிருக்கும் புனித ரொசலியாவிடம், கிறிஸ்தவர் இந்து என்ற பேதமில்லாமல் நம் சனங்கள் மலையேறிப் போய்க் கும்பிடுவது வழக்கம். 1624 இல் பலேர்மோவைப் பீடித்த கொள்ளைநோயை ஓட்டிய தாயார் அவர். வீட்டில் பிடித்திருக்கும் கோச்சி நோயையும் அப்படியே ஓட்டித் தரவேண்டும் என்று அம்மையார் நேர்த்தி வைத்து, பல வருஷமாக ஏறிவருகிறார். கணவரும் கூடவே, செங்குத்தான இடங்களில் எஞ்சினைப் போல் மூச்சுவிட்டுக்கொண்டு ஏறுகிறார். வழிநெடுக அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டு போவதே தம் நேர்த்தியில் பாதி என்று அம்மையார் எண்ணுகிறார். கணவருடைய விண்ணப்பம் வேறு: 2013 இல் மண்சரிவால் மூடிய ட்ராபானிப் பாதையை ரொசலியா தாயார் திறந்துவிட வேண்டும். ஒரே குகையில், ஒரே மெழுகுவத்திக் கட்டிலிருந்து ஏற்றி, இருவரும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள். ட்ராபானிப் பாதையில் இப்பொழுது வேலை நடக்கிறதென்று சிசிலியர் செய்தி கொண்டுவந்ததிலிருந்து, அம்மையார் மெழுகுவத்தி வாங்குவதைக் குறைத்துவிட்டார்.