குப்பிக் காபியும் குலமுறை டிகாக்ஷனும்: ஒரு செறிவியல் ஆய்வு

செறிநீர் என்பது கலப்பதற்கென்றே வடிக்கப்படும் காபி. அப்படியே வாயில் ஊற்றினால் முகம் கோணும். நீரோ பாலோ சேர்ந்த பிறகுதான் அது பானம். தமிழ்நாட்டு அடுக்களையில் இதன் பெயர் டிகாக்ஷன். மருந்துச் சரக்கைக் கொதிக்கவைத்து இறக்கும் கஷாயத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கிய சொல் அது. பில்டரில் எதுவும் கொதிப்பதில்லை. வெந்நீர் மேலே ஊற்றப்படுகிறது, கீழே சொட்டுகிறது, அவ்வளவே. ஆகவே டிகாக்ஷன், சொல்லின் நேர்ப்பொருளில், டிகாக்ஷனே அன்று என்பது இந்த ஆய்வின் முதல் கண்டுபிடிப்பு. இதனால் எந்த வீட்டிலும் காலைக் காபி தாமதமானதாகத் தெரியவில்லை.

இதன் பங்காளி, குப்பியில் வரும் ‘கோல்ட் புரூ’ செறிநீர். கொரகொரப்பாக அரைத்த தூளைச் சூடாக்காத நீரில் 12 முதல் 24 மணி நேரம் ஊறவைத்து வடிகட்டினால் அது கிடைக்கும். அடுப்பு வேண்டாம், பொறுமை வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்காக வேறொருவர் பொறுமையாக ஊறவைத்துக் குப்பியில் அடைத்து விலைபோட்டு விற்கிறார்.

குப்பிக் காபி நேற்றுப் பிறந்தது என்பர் ஒருசாரார். அது பொருந்தாது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பேட்டர்சன் நிறுவனத்தார் 1876ஆம் ஆண்டிலேயே ‘கேம்ப் காபி’ என்ற பாகை உருவாக்கிவிட்டனர். இந்தியாவில் போருக்குப் போகும் படைவீரர்கள் பாசறையில் சட்டென்று கலக்கிக் குடிக்கச் செய்தது என்பது அதைப் பற்றி வழங்கும் கதை. அதில் சர்க்கரை உண்டு, சிக்கரிச் சாறு உண்டு. காபிச் சாறு 4 விழுக்காடு. அதைக் காபி என்று அழைக்கலாமென்றால் சாம்பாரைப் பெருங்காய நீர் என்றும் அழைக்கலாம். லேபிளில் ஹைலண்டர் படைவீரர் ஒருவர் உட்கார்ந்து குடிக்க, சீக்கியப் பணியாளர் ஒருவர் தட்டேந்தி நின்றார். பின்னர் தட்டு மறைந்தது. சீக்கியரும் உட்கார்ந்து கையில் கோப்பை பிடித்தது இந்த நூற்றாண்டில்தான். செறிநீரை வைத்திருப்பவர் யார், குடிப்பவர் யார் என்ற கேள்வி இந்தத் துறையில் தொடக்கம் முதலே இருந்து வருகிறது. இக்கட்டுரையும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

வீட்டில் ஊறவைப்பதற்கான கலத்தை 1964இல் டாட் சிம்ப்சன் என்ற அமெரிக்க வேதிப்பொறியாளர் உருவாக்கினார். தம் பெயரையொட்டி அதற்கு ‘டாடி’ என்று பெயரிட்டார். தமிழ்நாட்டில் அந்த ஒலிக்கு ஏற்கெனவே இரண்டு பொருள்கள் உள்ளன. ஒன்று தந்தை, மற்றது 1987 முதல் மாநிலத்தில் தடைசெய்யப்பட்டுள்ள கள். மூன்றாவதாக ஒரு காபிக் கலம் அதே பெயரில் அடுக்களைக்குள் நுழைவது குடும்ப அமைதிக்கு ஏற்றதன்று. ஸ்டார்பக்ஸ் 2015இல் தன் அமெரிக்கக் கடைகளில் கோல்ட் புரூவைக் கொண்டுவந்த பிறகு ஊறல் காபி உலகெங்கும் பேச்சாகிவிட்டது. அந்த வரலாறு எல்லோரும் அறிந்ததே.

ஒப்பீட்டின் மையம் செறிவு. இங்கே கணக்குப் போடாமல் வழியில்லை. காபித் தூளின் எடையில் ஏறத்தாழ 20 விழுக்காடு நீரில் கரைந்து வரும். மிஞ்சி மிஞ்சிப் போனால் 30. மீதி சக்கை, ரோஜாச் செடியின் பங்கு. 100 கிராம் தூளை 500 மில்லி நீரில் ஊறவைத்தால் 20 கிராம் கரைகிறது; செறிவு சுமார் 4 விழுக்காடு. பாலில்லாத சாதாரணக் காபியில் கரைபொருள் 1.15 முதல் 1.35 விழுக்காடு இருப்பது நன்று என்பது 1950களில் அமெரிக்காவில் வகுக்கப்பட்டு, காபித் துறையினர் இன்றளவும் மேற்கோள் காட்டும் அளவு. நாலை ஒன்றேகாலால் வகுத்தால் மூன்றும் கொஞ்சமும். ஆக, நேர்மையாக ஊறவைத்த செறிநீர் குடிக்கும் காபியைவிட மூன்று மடங்கு கெட்டி. அதன் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு நீர் சேர்க்கலாம். தூளைக் கூட்டி நீரைக் குறைத்தால் இன்னும் சற்று ஏறும். நிறைய ஏறாது, ஏனெனில் ஊறிய தூள் தன் எடையைப் போல் இருமடங்கு நீரைக் குடித்துவிட்டுத் திருப்பித் தராது.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடைத் தட்டைப் பார்த்தால் சில புதிர்கள் அவிழும். சுண்டுவிரல் உயரக் குப்பியில் ‘30 மடங்கு’ என்று அச்சிட்டிருந்தால், அதன் செறிவு 40 விழுக்காட்டை நெருங்க வேண்டும். வெறும் ஊறலால் அந்த உயரத்தை எட்ட முடியாது. வெற்றிடத்தில் நீரை ஆவியாக்கியிருப்பார்கள், அல்லது உறையவைத்து நீரைப் பிரித்திருப்பார்கள், அல்லது உடனடிக் காபித் தூள் எங்கோ கலந்திருக்கும். இவற்றுள் எதுவும் குற்றமன்று. ஆனால் குப்பியின் முகத்தில் ‘பொறுமையாக ஊறியது’ என்று எழுதியிருப்பதை வாங்குபவர் ஓர் அணியிலக்கணமாகவே கொள்ள வேண்டும்.

விகிதத்தை எழுதும் முறையிலும் பாடபேதம் உண்டு. ‘1:3’ என்பதற்கு ஒரு பங்கோடு மூன்று பங்கு சேர் என்று ஒருவர் உரை சொல்வார். மொத்தம் மூன்றில் ஒன்று என்று இன்னொருவர் சொல்வார். முதல் உரையே வலியது. அதன்படி 200 மில்லி கோப்பைக்கு 50 மில்லி போதும். 500 மில்லி குப்பி பத்துக் கோப்பை தரும். ‘1:1’ என்று போட்ட ஒரு லிட்டர் குப்பியும் கோப்பைக்கு 100 மில்லி வீதம் அதே பத்துக் கோப்பைதான் தரும். பெரிய குப்பியைப் பார்த்து மயங்குபவர் நீருக்கும் சேர்த்து விலை கொடுக்கிறார். விலையைக் கோப்பை எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்தில்லை.

பில்டர் டிகாக்ஷனும் தூளுக்கு நாலைந்து பங்கு நீர் என்ற கணக்கில்தான் இறங்குகிறது. எனவே இரண்டும் செறிவில் ஏறக்குறைய ஒரே குலம். வேறுபாடு சிக்கரியில் தொடங்குகிறது. குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளையும் அந்தக் கிழங்கில் காஃபின் கிடையாது; ஆனால் காபியைவிட நன்றாகக் கரையும், நிறம் கொடுக்கும், வழவழப்பும் கொடுக்கும். காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. அந்த எல்லையை ஒட்டி நிற்கும் தூளும் கன்னங்கரேலென்று டிகாக்ஷன் தரும். கறுப்பைப் பார்த்துச் செறிவைச் சொல்வது மாப்பிள்ளையின் வேட்டியைப் பார்த்துச் சம்பளத்தைச் சொல்வது போன்றது. கோல்ட் புரூ குப்பிகளில் சிக்கரி அரிது. சிக்கரிக் காபிக்குப் பெயர்போன நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பாணியைப் பின்பற்றுபவை மட்டும் விலக்கு. கும்பகோணத்துக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே சம்பந்தம் பேச இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

குளிர் ஊறலில் புளிப்பு குறைவு, வயிற்றுக்கு நல்லது என்பது பரவலான நம்பிக்கை. பிலடெல்பியாவின் தாமஸ் ஜெபர்சன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் குளிர் ஊறலையும் சூட்டு வடிப்பையும் அளந்தனர். அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு இரு வகைக்கும் 4.85 முதல் 5.13 வரை, ஒன்றையொன்று ஒட்டியே இருந்தது; கரைந்திருந்த மொத்த அமிலங்கள் மட்டும் சூட்டு வடிப்பில் கூடுதலாக இருந்தன. நாக்குக்குத் தெரியும் மென்மை மெய். வயிற்றுக்கான வாக்குறுதியை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. இதே அளவில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. பிஹெச் 4.6க்கு மேலுள்ள பானத்தைக் காற்றுப் புகாமல் அடைத்து வெளியில் வைத்தால் பாட்டுலிசம் என்ற கொடிய நோய்க்குக் காரணமான நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு. 2017இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று நைட்ரஜன் ஏற்றிய குளிர்காபி டப்பாக்களை இந்த அச்சத்தால்தான் திரும்பப் பெற்றது. ஆகவே குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லும் குப்பியைக் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்து அலமாரி அதன் இடமன்று.

பாலோடு சேரும்போது இரண்டு குலமும் பிரிகின்றன. 5 பாகை குளிரிலுள்ள ஒரு பங்கு செறிநீரில் பொங்கி இறக்கிய இரண்டு பங்கு பாலை ஊற்றினால், கலவை 65 பாகைக்கு வந்து நிற்கும். அது குடிக்கும் சூடு. டபராவில் இரண்டு ஆற்று ஆற்றினால் ஆறிப்போகும்; ஆற்றாவிட்டால் நுரை வராது. நுரையில்லாத பால்காபியை நிறுவும் சான்று தமிழ்நாட்டு வீடுகளில் கிடைப்பது கடினம். செறிநீரை நேரே அடுப்பில் வைத்தால் காய்ந்த வாடை அடிக்கும். ஆறிய டிகாக்ஷனைக் கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்துச் சூடேற்றும் வழக்கம் இங்கே பழையது. அதே வைத்தியம் குப்பிக்கும் பொருந்தும். பனிக்கட்டி என்று வந்துவிட்டால் முறை தலைகீழ். சூடாக வடித்த டிகாக்ஷன் ஆறும்போது மணத்தில் ஒரு பகுதியைத் தொலைக்கும். குளிர் ஊறல் பனிக்கட்டியில் தன் வீட்டில் இருப்பது போல் இருக்கும்.

இனி, ஆய்வாளர்கள் பெரும்பாலும் தொடாத இடம்: இரண்டாம் டிகாக்ஷன். ஒருமுறை வடித்த தூளின் மேல் மறுபடி வெந்நீர் ஊற்றிப் பெறப்படும் இந்த வெளிறிய திரவம் வேதியியலைவிடச் சமூகவியலுக்கே உரியது. முதல் டிகாக்ஷன் பெரியவர்களுக்கும் விருந்தினருக்கும் போகிறது. திடீரென்று ஆள் வந்தால் முதலும் இரண்டும் கலக்கின்றன. ஓட்டை அடைத்த பில்டரை அடுப்புத் தீயில் காட்டிச் சுத்தம் செய்தவர், அதைத் தட்டித் தட்டி இறக்கியவர், பாலைப் பொங்காமல் பார்த்துக்கொண்டவர், எல்லோருக்கும் கொடுத்து முடித்துக் கடைசியில் டம்ளரை எடுக்கும்போது எஞ்சியிருப்பது இரண்டாம் டிகாக்ஷன். அதற்குள் பாலில் ஆடை படிந்திருக்கும்.

குப்பியில் இரண்டாம் டிகாக்ஷன் இல்லை. முதல் கோப்பைக்கு ஊற்றிய அதே நீர்தான் பத்தாவது கோப்பைக்கும். விலை, மணம், நுரை ஆகிய மூன்றிலும் பில்டருக்குப் பின்தங்கினாலும், இந்த ஓர் இயல்பில் குப்பி முந்துகிறது. லேபிளில் அதை யாரும் அச்சிடுவதில்லை.

தீர்ப்பு வருமாறு. பால்காபிக்குப் பில்டர், பனிக்கட்டிக் காபிக்குக் குப்பி. கடைசி டம்ளர் தினமும் ஒரே ஆளுக்குப் போகும் வீட்டில், முதலில் அந்த ஆளை மாற்றிப் பார்க்கலாம். முடியாத வீட்டில் விலை பாராமல் ஒரு குப்பி வாங்கி வைக்கலாம். வாங்குமுன் சேர்மானப் பட்டியலைப் பார்க்க வேண்டும்; எடை மிகுந்த பொருளே முதலில் எழுதப்படும் என்பதால், அங்கே சர்க்கரை காபிக்கு முன்னால் நின்றால் அது வேறு பண்டம். மூடியைத் திறந்தபின் குப்பியில் குறித்த நாட்களுக்குள், குறிப்பு இல்லாவிட்டால் இரண்டு வாரத்துக்குள், குடித்துத் தீர்த்துவிட வேண்டும்.