வாடகை வேற, டீசல் வேற

ஏலேய், உக்காரு. கிரீஸுல ஒரு வாரத்துக்கு ஆளும் அம்புமா மோட்டார் யாட் பிடிக்கப் போறியளாமே. தூத்துக்குடித் தோணியில தண்டலா நின்னு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயம் ஏத்தினவன் நான். காசு கொடுத்துக் கடல்ல ஆட்டம் வாங்குதவனை இப்பத்தான் பாக்கேன்.

13 பேருன்னு சொன்னியே, அங்கேயே ஓட்டை விழுந்துட்டு. பயணிங்க 12க்கு மேல போனா சர்வதேச விதிப்படி அது பயணிக் கப்பல், சட்டதிட்டமே வேற. ஒத்தத் தலை கூட ஏத்த மாட்டாவ. திருச்செந்தூர் வேன்காரன்கிட்ட 'கொஞ்சம் நெருக்கிக்கிடுதோம்'னு பேசுற பேச்சை அங்க பேசாத.

தாளுல போட்ட தொகையை வகுத்து ஆளுக்கு இவ்வளவுன்னு சொல்லிட்டியாம். அது படகுக்கும் வேலையாளுக்கும் மட்டுந்தாம்ல. டீசலு, சாப்பாடு, குடி, துறைமுகக் கூலிக்கெல்லாம் வாடகையில 30 சதவீதம் பக்கம் முன்பணமா வாங்கி கேப்டன் கையில கொடுப்பாவ. கடைசி நாளு கணக்குச் சொல்லி மிச்சத்தைத் திருப்பித் தருவாரு, மிச்சம் இருந்தா. பத்தலன்னா நடுவுலயே கை நீட்டுவாரு. வரி தனி. இறங்கும்போது வேலையாளுகளுக்கு 10 சதவீதம் பக்கம் அன்பளிப்பு; கட்டாயம் இல்லங்காவ. நம்மூருல மொய்யும் கட்டாயம் இல்ல.

மைக்கோனஸ் போயே ஆவணும்னு ஒன் சேக்காளி குதிக்கானாமே? ஏதென்ஸுலேருந்து 90 கடல் மைலு பக்கம் வரும். வெரசாப் போவச் சொன்னா எஞ்சின் டீசலைக் குடம் குடமாக் குடிக்கும். அதுவும் ஆடியில அங்க மெல்தெமின்னு ஒரு காத்து அடிக்கும். நமக்கு மார்கழியில வாற வாடை, அவியளுக்கு ஆடியில. வானம் பளிச்சுன்னு இருக்கும், ஒன் சேக்காளி வாளியைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பான். கேப்டன் வேண்டாம்னா வேண்டாந்தான். தண்டல் சொல்லைக் கேக்காத முதலாளி ரெண்டு பேரை நானும் பாத்திருக்கேன். ரெண்டு பேரும் அப்புறம் லாரி வாங்கிட்டாவ.

பேசாம சரோனிக் தீவுகளுக்குள்ளயே ஏஜினா, போரோஸ், ஹைட்ரான்னு சுத்துங்க. காத்து கொஞ்சம் அடங்கி இருக்கும். ஹைட்ராவுல கார் ஓடாது, கழுதைதான் சுமை தூக்கும். லச்சம் லச்சமாக் கொட்டிக் கழுதை பாக்கப் போறேன்னு ஆச்சிகிட்ட மட்டும் சொல்லிராத.

இதெல்லாம் சில்லறை. சண்டை அறைக்குத்தான் வரும். படகோட அகலம் முழுக்க ஒரே ஒரு பெரிய அறை இருக்கும், மத்ததெல்லாம் அதைவிடச் சின்னது. காசு மட்டும் சமபங்கு! 'எனக்கு எங்க படுத்தாலும் சரி'ன்னு முதல்ல சொல்லுதவன் மேல ஒரு கண்ணு வையி. நீ நிமிர்ந்து பாக்கதுக்குள்ள அவன் பெட்டி பெரிய கட்டில்மேல இருக்கும். அந்த அறைக்குக் கூடுதல் பங்கு வாங்கு, இல்லன்னா சீட்டுக் குலுக்கிப் போடு. எதுன்னாலும் இங்கேயே முடிச்சிரு.

என்ன தின்பிய, எது ஒத்துக்காதுன்னு கேட்டு முன்கூட்டியே ஒரு தாளு அனுப்புவாவ. 'எது போட்டாலும் சரி'ன்னு எழுதிட்டு, அங்க போயி ரசத்துக்கு ஏங்காதிய.

ஆமா, அந்தப் பதிமூணாவது ஆளைக் கழிச்சிட்டியா? அந்த 12 கணக்கு பயணிங்களுக்குத்தாம்ல, வேலையாளுகளுக்கு இல்ல. பண்டாரிக்கு ஒத்தாசையா மீன் குழம்பு வைக்க ஒரு ஆளு... நான் கேக்கல, சும்மா சொன்னேன். பாஸ்போர்ட்டு இன்னும் மூணு வருசம் கிடக்கு.