மாரியோவும் மாஹேயும்: மூலத்தொடர், கிளைத்தொடர் உறவு பற்றிய ஓர் ஆய்வு

ஒரு வீடியோ கேம் வரிசையில் எது மூலத்தொடர், எது கிளைத்தொடர், இரண்டில் எது உயர்ந்தது என்ற சிக்கலுக்கு உரிய மதிப்பைத் தமிழ் ஆய்வுலகம் இன்னும் தரவில்லை. முனைவர் பட்ட ஏடுகளில் ‘முன்னாய்வுகள்’ என்று நாற்பது பக்கம் ஓடும் இயலை இங்கே ஒரே சொல்லில் முடித்துவிடலாம்: இல்லை.

கருதுகோள் இது: இச்சிக்கலை ஆராயும் தகுதி புதுச்சேரிக்காரருக்குப் பிறப்பிலேயே வாய்த்திருக்கிறது. தமிழ்நாட்டை ஒட்டிப் புதுச்சேரியும் காரைக்காலும், கேரளத்தில் மாஹே, ஆந்திரத்தில் ஏனாம் என ஒன்றையொன்று தொடாத நான்கு துண்டுகளை ஒரே பெயரில் அழைத்துப் பழகியவர் அவர். எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால், கோதாவரிக் கரையில், தெலுங்கு பேசும் ஓர் ஊரைக் காட்டி ‘இதுவும் புதுச்சேரிதான்’ என்றால் அவர் புருவம் அசையாது. ஒரு பிளம்பர் குட்டிக் காரில் ஏறி வாழைப்பழத் தோலை வீசிக்கொண்டு போவதைக் காட்டி ‘இதுவும் மாரியோதான்’ என்றால் மட்டும் அசைந்துவிடுமா?

ஆய்வு எல்லை நின்டெண்டோவின் மாரியோ வரிசையோடு நிற்கிறது. போக்கிமானையும் ஃபைனல் ஃபேன்டசியையும் விலக்கியதற்கு வலுவான முறையியல் காரணம் உண்டு: தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் அவை கிடைக்கவில்லை. கிடைத்தது டிவி கேம். முதன்மைச் சான்று, காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய ரிமோட்டுகளுக்கும் ஜோடி சேராத செருப்புகளுக்கும் நடுவே பேரம் பேசி வாங்கிய ‘9999 இன் 1’ மஞ்சள் கேசட். அடிப்பக்கம் ஊதிப் போட்டால்தான் படம் வரும். எச்சில் தெறிக்காமல் ஊதுவது தனி வித்தை. பட்டியலில் எண்கள் 9999 வரை போகும். முதல் சில வரிகளுக்குப் பிறகு வருவதெல்லாம் அதே ஆட்டங்கள், வேறு வேறு பெயர்களில். ஒன்றில் மாரியோ முதல் கட்டத்திலிருந்து கிளம்புவார், இன்னொன்றில் நேரே நான்காம் உலகத்தில் நிற்பார். மூலம், கிளை, போலி மூன்றும் சாதி பேதமின்றி வரிசையாக உட்கார்ந்திருந்த அந்தப் பட்டியலே இத்துறையின் ஆதி நூல் என்பது ஆய்வாளரின் துணிபு.

மூத்தது எதுவோ அதுவே மூலம் என்பார் உண்டு. பார்ப்போம். மூலத்தொடரின் முதல் ஆட்டமான ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ 1985இல் வந்தது. மாரியோ அதற்கு நான்கு ஆண்டு மூத்தவர். 1981இல் ‘டாங்கி காங்’ ஆட்டத்தில், பீப்பாய் உருட்டிவிடும் குரங்கிடமிருந்து காதலியை மீட்கப் போகும் தச்சராகத் தலைகாட்டினார். பெயர்கூடச் சரியாக இல்லை. ‘ஜம்ப்மேன்’ என்று கூப்பிட்டார்கள். அப்புறம்தான் நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளைக்குக் கிடங்கை வாடகைக்கு விட்டிருந்த மாரியோ சிகாலியின் பெயரை அவருக்கு வைத்தார்கள். (ஹவுஸ் ஓனர் பெயரைக் கதாநாயகனுக்கு வைக்கும் வழக்கம் நம்மூரில் வேர்விடாததன் காரணத்தை வாடகை வீட்டு வாசகர் அறிவார்.) ஆக, மாரியோ வரிசை மொத்தமும் ஒரு குரங்கின் கிளைத்தொடர்.

புதுச்சேரியின் ஜாதகமும் அப்படித்தான். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவில் முதலில் கடை விரித்தது 1668இல், சூரத்தில். அடுத்து மசூலிப்பட்டினம். பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் வந்து உட்கார்ந்தது 1674இல்தான். அதையும் 1693இல் டச்சுக்காரர் பிடுங்கி, 1699இல் திருப்பிக் கொடுத்தார்கள். 1761இல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று செல்ஃபி எடுக்கப்படும் ஊர், உயிரெல்லாம் தீர்ந்து ‘கன்டினியூ’ அழுத்தி எழுந்த ஊர். இதற்கிடையில் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1739இல். கிளைதானே என்று நினைக்கலாம். அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் முன்னரே காரைக்கால் அம்மையார் அங்கே பிறந்து, மாங்கனி வரவழைத்து, கயிலைக்குத் தலையால் நடந்தும் போய்விட்டார். இன்றைக்கும் ஆனி மாதத்தில் காரைக்கால் தெருக்களில் மாங்கனி இறைக்கிறார்கள். மூலத்தைவிட இத்தனை மூத்த கிளை நின்டெண்டோவிடமும் கிடையாது.

இவ்விடத்தில் அரிக்கமேட்டைக் காட்டி எதிர்வாதம் எழக்கூடும். 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானியர் காலத்து ஜாடித் துண்டுகள் அங்கே கிடைத்தன; ஆகவே மூப்பு புதுச்சேரிக்கே என்பார்கள். அரிக்கமேடு இருப்பது அரியாங்குப்பம் கொம்யூனில், அதாவது ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று சொல்லி இவ்வாதத்தை ஆய்வாளர் தள்ளுபடி செய்கிறார். இதனால் வரும் வம்பையும் எதிர்பார்க்கிறார்.

பருமன் பார்த்தாலும் சிக்கல் தீராது. 2017இல், ஒரே கருவிக்கு, மூலத்தொடரிலிருந்து ‘சூப்பர் மாரியோ ஒடிஸி’யும் கிளையிலிருந்து ‘மாரியோ கார்ட் 8 டீலக்ஸ்’உம் வந்தன. முன்னது ஏறத்தாழ மூன்று கோடி விற்றது. பின்னது ஆறு கோடியைத் தாண்டிவிட்டது. அதுவும் 2014இல் வேறொரு கருவிக்கு வந்த ஆட்டத்தைத் தூசு தட்டிக் கொடுத்தது. புதுச்சேரியில் கணக்கு வேறு மாதிரி. சட்டமன்றத்தின் முப்பது தொகுதிகளில் மூலத்துக்கு 23, காரைக்காலுக்கு 5, மாஹேக்கும் ஏனாமுக்கும் தலா ஒன்று. மூலம் வென்றது என்று எழுதி முடிக்கப் போகும்போது இலக்கியம் குறுக்கே வருகிறது. ஒன்பதே சதுர கிலோமீட்டர் உள்ள மாஹேயை எழுதிய எம். முகுந்தனுக்குச் சாகித்திய அகாதெமி விருது 1992இல். புதுச்சேரியை எழுதிய பிரபஞ்சனுக்கு 1995இல். கிளை மூன்று ஆண்டு முந்திக்கொண்டது.

அரசியலிலும் கிளைகளுக்கு இப்படி முந்திரிக்கொட்டைத்தனம் உண்டு. பிரெஞ்சு ஆட்சியை ஏனாம் 1954 ஜூனிலும் மாஹே ஜூலையிலும் உதறிவிட்டன. மூலம் அக்டோபரில் கீழூரில் கூடி, 178 பேர் வாக்களித்து, 170க்கு 8 என்று முடிவெடுத்து, நவம்பர் 1வரை காத்திருந்தது. 2021 தேர்தலில் என். ரங்கசாமி மூலத்தில் தட்டாஞ்சாவடியிலும் கிளையில் ஏனாமிலும் நின்றார். தட்டாஞ்சாவடி ஜெயிக்க வைத்தது. ஏனாம் ஒரு சுயேச்சையைத் தேர்ந்தெடுத்தது. மூலத்தொடரின் நாயகன் கிளையில் சிறப்புத் தோற்றம் தந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான பரிசோதனையை ஆய்வுக்கூடத்தில் செய்ய முடியாது. அவர் முதலமைச்சரும் ஆனார் என்பது ஆய்வு எல்லைக்கு வெளியே.

கடைசியில் மிஞ்சுவது எண். PY-01 என்ற தகடு புதுச்சேரிக்கு, 02 காரைக்காலுக்கு, 03 மாஹேக்கு, 04 ஏனாமுக்கு. ஒன்று என்று போட்டுக்கொண்டதால் மூலம், ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் இதற்கு மேல் தத்துவம் கேட்க முடியாது. நின்டெண்டோ எண் போட்ட லட்சணத்தைப் பார்த்தால் இதில் வியக்க ஒன்றுமில்லை என்று புரியும். 1988இல் அமெரிக்காவில் இரண்டாம் பாகமாக விற்ற ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2’, ஜப்பானில் முந்தைய ஆண்டு ‘டோக்கி டோக்கி பானிக்’ என்ற பெயரில் வந்த ஆட்டம். உள்ளே இருந்தவர்களை இறக்கிவிட்டு மாரியோ குடும்பத்தை ஏற்றினார்கள். வேற்று வீட்டுப் பிள்ளை இரண்டாம் எண்ணோடு மூலத்தொடரில் உட்கார்ந்திருக்கிறது. 1992இல் வில்லனாக வந்த வாரியோவோ 1994இல் ‘சூப்பர் மாரியோ லேண்ட் 3’ என்ற எண்ணையே தன் ஆட்டத்தின் அட்டையில் ஒட்டிக்கொண்டு கிளம்பி, அப்புறம் மாரியோவின் பெயரைக் கழற்றிவிட்டுத் தனிக்கடை போட்டுவிட்டார். பிரெஞ்சிந்தியாவில் அந்த வேடம் சந்திரநாகூருக்கு. 1950இலேயே இந்தியாவோடு சேர்ந்து, 1954இல் மேற்கு வங்கத்தில் கரைந்துபோனதால் அதற்கு PY எண் வாய்க்கவில்லை.

உருவ ஒற்றுமையையும் சொல்ல வேண்டும். தச்சர் பிளம்பரானார், டென்னிஸ் ஆடினார், கார் ஓட்டினார். தொப்பியை மட்டும் கழற்றவில்லை. அன்றைய திரையில் தலைமுடி வரைவது கஷ்டம் என்பதால் வந்த தொப்பி அது. நம் போலீஸ்காரர்களின் சிவப்புக் கெப்பியும் ஆட்சி மாறியும் கழலவில்லை. மீசை, சிவப்புத் தொப்பி, குழாயைச் சுற்றிய தொடர் பிரச்சினை என்று மூன்றும் புதுச்சேரியில் ஒரே தெருவில் காணக் கிடைக்கின்றன. இது தற்செயலா என்பதை ஆய்வாளர் வாசகர் முடிவுக்கு விடுகிறார்.

விளையாட்டிலிருந்தே உள்ளூர்ச் சான்று கேட்பவருக்குப் பெத்தாங்க் இருக்கிறது. பிரான்சின் தென்பகுதியில் ‘ழு புரோவான்சால்’ என்ற குண்டாட்டத்தில் பதினைந்து, இருபது மீட்டர் தூரத்துக்கு, மூன்று எட்டு ஓடிவந்து இரும்புக் குண்டை வீசுவார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லா சியோத்தா என்ற ஊரில் மூட்டுவலிக்காரர் ஒருவரால் ஓட முடியாமல் போக, அவருக்காக ஒரு வட்டத்துக்குள் நின்றபடி ஆறிலிருந்து பத்து மீட்டருக்கு வீசும் ஆட்டத்தை உண்டாக்கினார்கள். கப்பலேறிப் புதுச்சேரிவரை வந்து சேர்ந்தது அந்த மூட்டுவலிக் கிளைதான். சாயங்காலம் மண்தரையில் குண்டு வீசும் பென்ஷன் சொல்தாக்களிடம் (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களிடம்) மூல ஆட்டம் எது என்று கேட்டால், காலடியில் இருக்கும் வட்டத்தைக் காட்டுவார்கள். அதற்குள் எதிரணிக் குண்டு நம் குண்டைத் தட்டிவிட்டிருக்கும். கேட்டவர்மேல்தான் கோபம் வரும்.

களப்பணியில் கிடைத்த ஒரு சோதனைமுறையைச் சொல்லாமல் விடுவது அறமாகாது. புதுச்சேரி அரசு ஊழியரிடம் மேலதிகாரி குரல் உயர்த்தாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: “ஏனாமுக்குத் தூக்கிடுவேன்.” இதைக் கேட்டு முகம் வெளிறினால் அவர் நிற்கும் இடம் மூலம் என்று கொள்ளலாம். முறையியல் கறாருக்காக இதையே தலைகீழாகச் செய்து பார்க்க, ஏனாமிலிருந்து மாற்றலாகி வந்த தகவலாளி ஒருவரைத் தலைமைச் செயலகம் பக்கத்து டீக்கடையில் அணுகினேன். “எந்தத் தப்புக்கு சார் என்னை இங்கே போட்டாங்க?” என்று அவர் கேட்டார்.